மூன்றாவது தூணருகே நின்றவர்

நீங்கள் மூவரும் போன வாரம் சேர்ந்தீர்கள். நான் இந்தச் சனிக்கிழமையோடு போகிறேன். முப்பத்தோரு வயதில் ரிட்டையர் ஆகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறோம் என்று ஸ்டூடியோவில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிக வாத்தியார் வேலை கிடைத்திருக்கிறது. லென்ஸ், ஒளி, நிழல் எல்லாம் அங்கேயும் உண்டு. எதிரே உட்கார்ந்திருப்பவரைச் சிரிக்கச் சொல்ல வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

போவதற்கு முன் புதுப் பையன்களுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்றார் முதலாளி. டெவலப்பர் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும், ஹைப்போவில் எத்தனை நிமிஷம், இதெல்லாம் டார்க்ரூம் கதவிலேயே ஒட்டியிருக்கிறது. எங்கேயும் ஒட்டாத ஒரு தப்பைச் சொல்கிறேன். என்னுடைய தப்பு. எட்டு வருஷமாகிறது.

அப்போது எனக்கு இருபத்துமூன்று. பி.எஸ்ஸி. முடித்து, இங்கே பாஸ்போர்ட் படம் எடுக்கும் வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் ஓடியிருந்தது. அப்பா ரிட்டையராகி, பம்பாயை விட்டு அம்மாவோடு கோயம்புத்தூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். மாட்டுங்கா குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நான் சுனாபட்டியில் ஓர் அறை எடுத்தேன். கட்டில் போட்டால் கதவு முழுசாகத் திறக்காது. வாரத்தில் ஆறு நாள் முகம் முகமாகப் பார்ப்பேன். "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்பதைத் தவிர யாரிடமும் ஒரு வாக்கியம் பேசியிருக்க மாட்டேன்.

ஏழாம் நாள் பாலம்.

மான்கூர்டைத் தாண்டி, கழிமுகத்தின் மேல் வாஷிக்குப் போகிற பாலம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது வெறும் ரோடு. கீழே சேற்றோரம் இறங்கி நின்று பார்க்க வேண்டும். தூண் தூணாக, ஒவ்வொன்றும் முன்னதைவிடச் சின்னதாகிக்கொண்டே போய், மறுகரையின் மங்கலுக்குள் கரைந்துவிடும். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கைகால் பரபரத்தது. இதைக் காலண்டரில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், மேலே லாரியும் பஸ்ஸும் போக. எனக்கு அது வேண்டாம். ஒரு சிற்பத்தை எடுக்கிற மாதிரி எடுக்க வேண்டும். வண்டி கூடாது, படகு கூடாது, ஒரு காக்கா கூடக் கூடாது. பாலம், தண்ணீர், மேகம். தீர்ந்தது.

இந்த வெறிக்கு ஒரு காரணமும் இருந்தது. மாட்டுங்காவில் ஒரு போட்டோ கிளப்பில் நான் உறுப்பினன். அந்த வருஷப் போட்டிக்கு நடுவராக வருகிறவர் ஃபோர்ட்டில் ஒரு விளம்பரக் கம்பெனியில் பெரிய ஆள் என்றும், அவருக்கு ஒரு இளம் போட்டோகிராஃபர் தேவைப்படுகிறது என்றும் செயலாளர் காதில் போட்டிருந்தார். முதல் பரிசு வாங்கினால் பாஸ்போர்ட் முகங்களிலிருந்து விடுதலை. பாலத்தைப் படமெடுக்க கிளப் வாங்கித் தந்த அனுமதிக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஸ்டூடியோவின் பழைய இரட்டை லென்ஸ் கேமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு, ஆறு ஞாயிறுகள் அங்கே போனேன்.

ஆறாவது ஞாயிறு. மழைக்காலம் முடிகிற நேரம், கரும் மேகம். பேப்பரில் போட்டிருந்த கடலேற்ற நேரப்படி தண்ணீர் ஏறி முடிந்து அரை மணி ஆகியிருந்தது. இனி இறங்கும் என்று நினைத்து, கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறைமேல் முக்காலியை ஊன்றினேன். அந்தக் கேமராவில் குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும்; பார்க்க ஆரம்பித்தால் உலகம் அந்தக் கண்ணாடிச் சதுரத்துக்குள் போய்விடும். பேப்பரில் வருவது துறைமுகத்தின் நேரம் என்பதும், கழிமுகத்தின் உள்ளே தண்ணீர் அதற்கப்புறமும் ஏறும் என்பதும் பி.எஸ்ஸி. பௌதிகத்தில் இல்லை.

"அரே ஓ போட்டோவாலா! பானி! பீச்சே தேக்!"

தண்ணீர், பின்னால் பார் என்று ஹிந்தியில் ஒரு சத்தம் பாலத்திலிருந்து வந்தது. திரும்பினேன். பாறைக்கும் கரைக்கும் நடுவே நான் நடந்து வந்த சேற்றைக் காணவில்லை, தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "ஐயோ!" என்று கத்தி, முக்காலியைப் பிடிக்கப் போய் முழங்காலில் விழுந்தேன்.

"ஏ, தமிழாவே நீரு! பெட்டிய தலைக்கு மேல தூக்கும்வே! நேரா வராதயும், அங்க குழி. எடது பக்கமா வாரும். இன்னும் எடது. ஆங், அப்படித்தான்."

இடுப்பளவு தண்ணீரில், கேமராவைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு குரல் சொன்ன வழியில் கரையேறினேன். கேமரா நனைந்திருந்தால் என் ஒரு வருஷச் சம்பளம் போயிருக்கும். நான் நனைந்ததைப் பற்றிக் கேட்க யாருமில்லை.

அதற்கப்புறம்தான் அந்தக் குரலுக்கு உரியவரைப் பார்த்தேன். மூன்றாவது தூணருகே ஒரு ஜூலா தொங்கிக்கொண்டிருந்தது. ஊஞ்சல் மாதிரி ஒரு பலகை, இரண்டு பக்கமும் கயிறு. அதன்மேல் வெள்ளைப் பனியனோடு ஒருவர் நின்றார். பாசியைச் சுரண்டி, தூணைக் கழுவி, அளவுக் கோடு எழுதுகிற காண்டிராக்டர் கூட்டத்தில் ஒருவர். பெயர் மைதீன். மத்தியானம் கரையில் ஏறி வந்து தன் டீயில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர்.

"எந்தூரு சார்?"

"மாட்டுங்கா."

"அது இங்கன. சொந்த ஊரு?"

"மாட்டுங்காதான்."

"சரிதான். ஊரில்லாத ஆளா நீங்க" என்று சிரித்தார்.

அவருக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். மாமனாருக்குத் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை. மருமகன் பட்டறையில் உட்காருவான் என்று நம்பிப் பெண் கொடுத்தவர். இவர் ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்துவிட்டார்.

"எனக்குக் காத்து வேணும் சார். இங்கன கெடைக்கி. ஆனா எங்க மாமா பட்டறையில இருக்க அத்தன பேருகிட்டயும் என்ன சொல்லுதாவ தெரியுமா? மாப்ள சுண்ணாம்பு அடிக்கப் போறாராம். நான் தொங்குத எடத்த எங்க வீட்டுல ஒருத்தரும் பாத்ததில்ல. சொன்னா, கத விடுதேன்னு சிரிக்காவ."

நான் உற்சாகத்தில் சொன்னேன்: "மாட்டுங்காவில அடுத்த மாசம் முதல் ஞாயிறு கண்காட்சி மைதீன் பாய். என் படம் இருக்கும். வாங்க."

"நாங்க இருக்கப்பட்ட படமா?"

"பாலம் இருக்கிற படம்."

"அப்ப நாங்க இல்லாமலா?" என்றபடி எழுந்து வேலைக்குப் போனார்.

சாயங்காலம் மேகம் ஒரு பக்கம் விலகியது. வெளிச்சம் தண்ணீரின் மேல் சறுக்கி வந்து தூண்களின் விளிம்பை மட்டும் தொட்டது. ஆறு வாரமாக நான் காத்திருந்தது அதுதான். ஃபிலிமில் கடைசிப் படம் மிச்சமிருந்தது. மூன்றாவது தூணின் நிழலில் ஜூலா இன்னும் தொங்கியது. இறங்கச் சொல்ல நேரமில்லை. அழுத்தினேன். அழுத்துகிற நேரத்தில் மைதீன் கை தூக்கி ஆட்டினார். ஆறு ஞாயிறுகளில் என்னைப் பார்த்து ஒருவர் கையாட்டியது அதுதான் முதல் தடவை. நானும் ஆட்டினேன். இதையும் எழுதிவிடுகிறேன், நீங்கள் என்னை நல்லவன் என்று நினைத்துவிடக் கூடாது.

படம் பிரமாதமாக வந்தது. சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: அதைப்போல ஒன்றை நான் அதற்கு முன்னாலும் எடுக்கவில்லை, பின்னாலும் எடுக்கவில்லை. ஒரே குறை, அந்த வெள்ளைப் பனியன். இருட்டான தூணுக்கு முன்னால் அரிசி மாதிரி ஒரு வெள்ளை. எங்கே பார்த்தாலும் கண் சுற்றிச் சுற்றி அங்கேதான் போய் நின்றது. பாலம் பின்னால் போய், கையாட்டுகிற ஒரு மனிதர் முன்னால் வந்துவிட்டார்.

டச்சிங் வேலை உங்களுக்குத் தெரியும். பருவை எடுக்கிறோம், தழும்பை எடுக்கிறோம், பாஸ்போர்ட் படத்தில் யாரும் கேட்பதில்லை. வெள்ளையாக விழுகிற இடம் நெகட்டிவில் கறுப்பாக இருக்கும்; பாதி பிளேடால் பூப்போலச் சுரண்டினால் சுற்றியிருக்கிற நிழலோடு சேர்ந்துவிடும். இரண்டு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நெகட்டிவை விளக்குப் பெட்டிமேல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முதலில் பனியன், அப்புறம் தூக்கிய கை, அப்புறம் முகம், கடைசியில் பலகை. கை நடுங்கவேயில்லை. அவ்வளவு சுத்தமான டச்சிங்கை இந்த ஸ்டூடியோவில் யாருமே செய்ததில்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்ல வேறு ஆள் இல்லை.

கிளப் போட்டிக்கு ஒரு விதி உண்டு. நெகட்டிவில் கைவேலை கூடாது. படத்தின் பின்பக்கம் அப்படி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். 'தனிமை' என்று பெயரும் வைத்தேன்.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை, ஒரு மாடி ஹாலில். நடுவர் வழுக்கைத் தலையும் கோடு போட்ட சட்டையுமாக வந்தார். தமிழ் தெரியாது. என் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு என் தோளில் கை வைத்து, திங்கட்கிழமை ஃபோர்ட்டுக்கு வந்து பார் என்றார் ஆங்கிலத்தில். பரிசை இன்னும் அறிவிக்கவில்லை. எனக்குக் கால் தரையில் படவில்லை.

அப்போது படியேறி மூன்று பேர் வந்தார்கள். முன்னால் தும்பைப்பூ வேட்டியும் தொப்பியுமாக ஒரு பெரியவர். அவருக்குப் பின்னால் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் மைதீன். கடைசியில் அவர் மனைவி ஆமினா. ஞாயிறும் பட்டறை ஓடும். மாமனார் அதைச் சாத்திவிட்டு வந்திருந்தார்.

மைதீனுக்கு யாரும் வழி காட்ட வேண்டியிருக்கவில்லை. ஹாலின் கோடியிலிருந்தே பாலத்தைப் பார்த்துவிட்டார். "அந்தா, அதுதான் மாமா."

"எங்கன நிக்கிய மாப்ள? காட்டுங்க பாப்போம்."

"மூணாவது தூணுப் பக்கம். வெள்ளப் பனியன்."

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்தார். "தூணு இருக்கு. தண்ணி இருக்கு. மேகங்கூட இருக்கு. மாப்ளயத்தான் காணும்." நிமிர்ந்து மகளைப் பார்த்தார். "ஏளா, ஒன் மாப்ள பாசியக் கழுவுதப்போ தன்னையும் சேத்துக் கழுவிட்டாரோ?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ஆமினா சிரிக்கவில்லை. "நல்லா பாருங்க வாப்பா. இவுக பொய் சொல்ல மாட்டாக."

"நான் என்ன பொய்யின்னா சொன்னேன்? காணும்னுதானே சொல்லுதேன்."

மைதீன் படத்தைத் தடவுகிற மாதிரி விரலைக் கிட்டே கொண்டுபோனார். அங்கே இருட்டுதான் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "சாரே இங்கன நிக்காரு. சார், நீங்க சொல்லுங்க. நீங்க படம் பிடிக்கையில நான் அங்க நின்னேம்லா?"

எல்லோரும் திரும்பினார்கள். நடுவர் நாலடி தள்ளி நின்றார். செயலாளர் பரிசுப் பட்டியலோடு அவர் பக்கத்தில். எனக்குக் கிடைத்தது ஒரு மூச்சு நேரம். இந்தத் தொழிலில் முக்கியமான முடிவுகளுக்கெல்லாம் அவ்வளவுதான் நேரம் கிடைக்கும், அழுத்தலாமா வேண்டாமா என்பது மாதிரி.

"நீங்க வேற படத்தில இருக்கீங்க மைதீன் பாய்" என்றேன். "இது அதுக்கு முன்னாடி எடுத்தது."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் இல்லை. தண்ணீர் ஏறும்போது எனக்கு வழி சொன்ன மனிதர், என் முகத்தில் ஏதோ வழி தேடுகிற மாதிரி பார்த்தார். "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். ஆமினா பின்னாலேயே போனாள்.

மாமனார் போகவில்லை. மறுபடியும் குனிந்தார். நாற்பது வருஷம் தோலையும் நூலையும் பார்த்த கண். விரலைப் படத்தின் மேல் பகுதியில் வைத்து மெதுவாகக் கீழே இழுத்தார். பாலத்தின் விளிம்பிலிருந்து இரண்டு மெல்லிய கோடுகள் இறங்கி, தூணின் நிழலில் முடிந்தன. ஜூலாவின் கயிறுகள். ஆளைச் சுரண்டினேன், பலகையைச் சுரண்டினேன். தலைமுடி மாதிரி இருந்த கயிறுகள் கண்ணில் படவேயில்லை.

"தம்பி, இது என்ன?"

"கயிறு."

"கயிறுன்னு தெரியுது. வெறச்சுப்போய் நிக்கே, ஏன்?" பதிலுக்குக் காத்திராமல் நடுவர் பக்கம் திரும்பி பம்பாய் ஹிந்தியில் ஆரம்பித்துவிட்டார். "இதர் தேகோ சாப். ரஸ்ஸி ஏக்தம் டைட். நீச்சே குச் நஹீ. ஐஸா ஹோதா க்யா?"

கீழே பாரம் இல்லாமல் கயிறு விறைத்து நிற்குமா என்று ஒரு பை தைக்கிறவர் கேட்டார். நடுவர் வந்து குனிந்தார். செயலாளர் குனிந்தார். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு பொய் வந்திருக்கலாம்.

"ஆள் இருந்தார்" என்றேன். நடுவருக்காக ஆங்கிலத்திலும் சொன்னேன். "பிளேடால் சுரண்டினேன்."

நான் தானாக உண்மை பேசினேன் என்று எங்கேயும் சொல்லிக்கொண்டதில்லை. கயிறு பேச வைத்தது. செயலாளர் ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி, திருப்பி, என் கையெழுத்தை எனக்கே காட்டினார். "என்னப்பா இது, உன்னை எவ்வளவு நம்பினேன்" என்றார். நடுவர் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டார். திங்கட்கிழமையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மாமனார் என் கையைப் பிடித்தார். பிடி வலித்தது. "கீழ வாரும். அவருகிட்டச் சொல்லும்."

பஸ் ஸ்டாப்பில் மைதீனும் ஆமினாவும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் வாயைத் திறக்கும் முன்பே பெரியவர் பேசினார். வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கிற குரல்.

"மாப்ள, நீங்க சொன்னது நெசந்தான். இந்தத் தம்பிதான் ஒங்கள அழிச்சிருக்கு. நாளைக்குப் பட்டறையில நானே சொல்லுதேன். சுண்ணாம்புன்னு இனி ஒருத்தன் பேசட்டும், பாத்துக்கிடுதேன்."

ஆமினா கணவனை நிமிர்ந்து பார்த்தாள். "நான் அப்பவே சொன்னேம்லா" என்றாள், யாரிடமென்றில்லாமல்.

மைதீன் மாமனாரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர்களுக்குள் அது முடிந்தது. பிறகு என்னிடம் திரும்பினார்.

"ஏன் சார் அழிச்சிய? நான் நின்னது சரியில்லையா?"

"இல்லை பாய். நீங்க நல்லாத்தான் நின்னீங்க. பாலம் தனியா இருக்கணும்னு நினைச்சேன்."

"தனியாவா?" அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "அதுக்கு அடியில நாங்க நாப்பது பேரு கெடந்தோமே சார். மேல லாரிக்காரன், கீழ கோலி மீன்காரங்க படகு. மத்தியானம் டீக்காரன் வேற. அது எங்க தனியா இருந்துச்சு? நீங்கதான் அங்கன தனியா நின்னிய."

 

"படத்த இனி சரி பண்ண முடியாதா?" என்று ஆமினா கேட்டாள். சுரண்டியது திரும்ப வராது என்றேன். "சரி போகட்டும். இன்னொரு நாள் வந்து எடுங்க. நானும் வாரேன். இவுக எங்க தொங்குதாகன்னு நானும் பாக்கணும்."

பஸ் வந்தது. சயான் வழியாகச் சுனாபட்டி போகிற பஸ். மாமனார் முதலில் ஏறினார், பிறகு ஆமினா. மைதீன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, படியில் ஒரு கால் வைத்தபடி திரும்பினார்.

"சார், நீங்களும் இந்தப் பக்கந்தான? வாங்க, எடமிருக்கு."

என் வழியும் அதுதான். கண்டக்டர் மணிக்கயிற்றில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வரிசையில் எனக்குப் பின்னால் யாருமில்லை.

"நீங்க போங்க பாய், நான் அடுத்ததில வரேன்" என்றேன்.

அடுத்த பஸ் வரவே வெகுநேரமாயிற்று. மறுநாள் காலை வழக்கம்போல ஸ்டூடியோவைத் திறந்தேன். மான்கூர்டுப் பக்கம் போக மூன்று மாதம் தைரியம் வரவில்லை. போனபோது காண்டிராக்டர் கூட்டம் வேறு எங்கேயோ மாறிப் போயிருந்தது. தாராவியில் தோல் பைப் பட்டறைகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். நான் விசாரித்த எதுவும் அவர் மாமனாருடையது இல்லை.

விதியை மீறினால் மாட்டிக்கொள்வீர்கள் என்பதைச் சொல்ல இவ்வளவு எழுதவில்லை, அதை உங்களுக்கு யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். தப்பு செய்வீர்கள். இந்த வேலையில் செய்யாமல் இருக்க முடியாது. சில சமயம் நீங்கள் யாருக்குத் தப்பு செய்தீர்களோ அவரே, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, உங்களுக்கும் இடமிருக்கிறது என்பார். ஏறிவிடுங்கள்.